பள்ளியைத் திடீரென்று மூடிவிட்டால் வீட்டில் என்ன ஆகும்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. "மறு அறிவிப்பு வரும்வரை பள்ளி கிடையாது" என்று செய்தி வந்த அன்றே எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். காரணம் மழையோ காய்ச்சலோ வேலைநிறுத்தமோ, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

லீவு விட்டா நாம சமாளிக்கலையா? இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

ஆண்டு விடுமுறை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று முன்பே தெரியும். அதற்கேற்ப வேலையிலும் வீட்டிலும் ஏற்பாடு செய்துவிடுகிறோம். திடீர் மூடலில் தொடக்கமும் நம் கையில் இல்லை, முடிவும் தெரியாது. குடும்பங்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்த முடிவு தெரியாத நிலைதான். மூன்று வாரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஏதாவது வழி பண்ணலாம். "நாளை பார்க்கலாம், நாளை மறுநாள் பார்க்கலாம்" என்று மூன்று வாரம் இழுத்தால் எந்த ஏற்பாடும் நிற்காது.

இது எப்போதோ ஒருமுறை வருவதும் அல்ல. 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகும் மூடல்கள் நிற்கவில்லை. 2024இல் வெயில், புயல், வெள்ளம் போன்றவற்றால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. அதில் முதலிடம் கடும் வெயிலுக்கு.

ரெண்டு மூணு நாள் மூடினா படிப்பு கெட்டுப்போகுமா?

கெடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பனிப்பொழிவுக்காகப் பள்ளிகளை மூடிய நாட்களை ஆராய்ந்தபோது, அந்த மூடல்களால் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பள்ளி திறந்திருந்தும் சில பிள்ளைகள் மட்டும் வராமல் போன நாட்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் பாடம் விட்டுப்போனால் ஆசிரியர் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார். ஒரு பிள்ளைக்கு மட்டும் விட்டுப்போனால் வகுப்பு அதற்காகக் காத்திருக்காது.

அதனால் இரண்டு மூன்று நாள் மூடலுக்காகப் பிள்ளையை நாற்காலியில் கட்டிப்போட வேண்டாம். பள்ளி திறந்த முதல் நாளே தவறாமல் அனுப்பிவிடுங்கள். "இந்த வாரம் எப்படியும் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து அனுப்பலாம்" என்று இழுப்பதுதான் வீண் நஷ்டம்.

அப்போ எத்தனை நாளுக்கு மேல போனா கவலைப்படணும்?

இத்தனை நாள் என்று கோடு கிழிக்க முடியாது. வாரக் கணக்கில் போனால் தேக்கம் தெரிய ஆரம்பிக்கும். நெதர்லாந்தில் 2020இல் பள்ளிகள் 8 வாரம் மூடியிருந்தன. அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் இணைய வசதி உண்டு. அப்படியிருந்தும் பிள்ளைகள் இழந்தது ஒரு கல்வியாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மூடியிருந்த காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது அந்த 8 வாரமும் வீட்டிலிருந்து படித்ததில் முன்னேற்றம் அநேகமாக இல்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் 60 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது.

கொரோனா காலம் பற்றி 15 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி இழப்பு ஒரு கல்வியாண்டுப் படிப்பில் சுமார் 35 சதவீதம் என்று வந்தது. வாசிப்பைவிடக் கணக்கில்தான் அடி பலம். கதை படிப்பதும் பேசுவதும் எந்த வீட்டிலும் கொஞ்சமாவது நடக்கும். பின்னம் கழிப்பது யார் வீட்டிலும் தானாக நடக்காது.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பிள்ளையை யார்கிட்ட விடறது?

எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இதைப் பற்றித்தான், படிப்பு பற்றி அல்ல. பள்ளி பாடம் சொல்லித் தருகிறது. கூடவே பகல் முழுவதும் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அது நின்ற அன்றுதான் வீடு தடுமாறுகிறது.

முதல் இரண்டு நாளை ஆளுக்கு ஒரு நாள் விடுப்பு போட்டு ஓட்டிவிடலாம். அதற்குள் அடுத்த ஏற்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் பார்த்தவற்றில் நன்றாக ஓடியது, ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று நான்கு பிள்ளைகளின் வீடுகள் முறை வைத்துக்கொள்வது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் உங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள், மற்ற நாட்களில் நீங்கள் வேலைக்குப் போகலாம். தொற்று நோய்க்காக மூடியிருந்தால் இது ஆகாது. அப்போது ஒரே ஒரு வீட்டோடு மட்டும் சேர்ந்துகொள்வது, அதுவும் சுகாதாரத் துறை அனுமதித்தால்தான்.

வேலை செய்யும் இடத்தில் முதல் நாளே பேசிவிடுங்கள். "பள்ளி மூடிவிட்டார்கள், என்ன செய்வது என்று தெரியவில்லை" என்று நின்றால் அவர்களுக்கும் தெரியாது. "காலை மூன்று மணி நேரம் வீட்டிலிருந்து செய்கிறேன், மதியம் வந்துவிடுகிறேன்" என்றோ "இந்த வாரம் இரவு ஷிஃப்ட் கொடுங்கள்" என்றோ தெளிவாகக் கேட்டால் பதிலும் தெளிவாகக் கிடைக்கும்.

தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டா போதாதா?

அவர்கள் ஒத்துக்கொண்டால் அதைவிட நிம்மதி வேறில்லை. ஆனால் ஒரு வாரம் தாங்குகிறவர்களால் ஒரு மாதம் தாங்க முடியாமல் போகலாம். முடியவில்லை என்று அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். பத்து வயதுப் பையன் பின்னால் நாள் முழுக்க ஓடுவது முழங்கால் வலிக்காரருக்கு முழுநேர வேலை. வாரத்தில் ஒரு நாளாவது அவர்களுக்கு விடுப்பு கொடுங்கள். மூடல் தொற்றால் என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரியவ இருக்கா, அவளையே தம்பியைப் பார்த்துக்கச் சொல்லலாம்ல?

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றால் சரி. நாள் முழுக்க, வாரம் முழுக்க என்றால் ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் எடுக்கப்படுவது பெண் பிள்ளையின் படிப்பு. தம்பிக்குச் சாப்பாடு போட்டு, வீட்டைக் கூட்டி, அப்புறம் நேரம் இருந்தால் புத்தகம் என்று ஆகிவிடுகிறது. பள்ளி திறந்த பிறகும் "இவள் இருந்தால் வசதியாக இருக்கிறதே" என்ற நினைப்பு வீட்டில் தங்கிவிடுவது இன்னும் ஆபத்து.

எபோலா என்ற கொடிய தொற்று நோய் பரவியபோது மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 2014இல் மூடிய பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் பதின்ம வயதுப் பெண்கள் கர்ப்பமாவது கூடியது. பல பெண்கள் திரும்பப் பள்ளிக்கு வரவே இல்லை. கர்ப்பம் வெளியே தெரிந்த மாணவிகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று இருந்த தடை 2020 மார்ச்சில்தான் நீங்கியது. அதே காலத்தில், பெண் பிள்ளைகள் கூடிப் பேசவும் தொழில் கற்கவும் மன்றங்கள் இருந்த கிராமங்களில் பாதிப்பு குறைவாக இருந்ததை ஆய்வில் பார்த்தார்கள். அவர்களுக்கென்று ஒரு இடமும், கேட்க ஒரு ஆளும் இருந்ததே அவ்வளவு உதவியிருக்கிறது.

வீட்ல எப்பவும் நான்தான் லீவு போடணுமா? அவருக்கு மட்டும் பிள்ளை இல்லையா?

நியாயமான கோபம். அமெரிக்காவில் 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்த வீடுகளைக் கவனித்தார்கள். சிறு பிள்ளைகளின் அம்மாக்கள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்ட அளவு, அப்பாக்கள் குறைத்ததைப்போல் நான்கைந்து மடங்கு. மற்ற பல நாடுகளிலும் போக்கு இதே திசையில்தான்.

"யாருக்குச் சம்பளம் குறைவோ அவர் இருக்கட்டும்" என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவரே இருந்தால், அவருடைய பதவி உயர்வும் சம்பள உயர்வும் தள்ளிப்போகும். அடுத்த முறையும் குறைந்த சம்பளம் அவருடையதாகவே இருக்கும். நாட்களை எண்ணிப் பங்கு போடுங்கள், சுவரில் எழுதி ஒட்டுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அது அம்மா தலையில்தான் விழும் என்பது என் அனுபவம்.

நாங்க தினக்கூலி. ஒரு நாள் வீட்ல இருந்தா அன்னிக்கு வருமானம் இல்ல. என்ன பண்றது?

மேலே சொன்ன விடுப்பு, ஷிஃப்ட் எல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கு. கூலி வேலையில் மூடல் நேரடியாக அடுப்பில் கை வைக்கிறது. வரவு குறையும்போதே செலவு கூடவும் செய்கிறது. பள்ளியில் மதியம் சாப்பிட்ட பிள்ளை இப்போது வீட்டில் சாப்பிட வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடியதால் உலகம் முழுவதும் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவு நின்றுபோனதாக உலக உணவுத் திட்டம் சொன்னது.

அந்தச் சமயத்தில் பல நாடுகள் சமைத்த உணவுக்குப் பதில் அரிசி பருப்பு போன்ற பொருளாகவோ பணமாகவோ கொடுத்தன. ஆகவே பள்ளி உணவு பெறும் பிள்ளை என்றால் "மூடிய நாட்களுக்கு எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். அது பிள்ளைக்கு உரியது, கேட்கக் கூச்சம் வேண்டாம். முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உங்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கும். ஆறு நாளில் ஒன்றிரண்டு நாள் கூலியை விட்டால் மீதி நான்கைந்து நாள் மிஞ்சும்.

நான் அஞ்சாங் கிளாஸ்தான் படிச்சேன். நான் எப்படி இவளுக்குச் சொல்லித் தர்றது?

ஐந்தாம் வகுப்பை லேசாக நினைக்காதீர்கள். 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்தது. பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, நிலநடுக்கம் உண்டான நிலப் பிளவுக்கு அருகில் இருந்த பிள்ளைகள் தொலைவில் இருந்தவர்களைவிட ஒன்றரை வகுப்புக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியையாவது முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு காணப்படவில்லை. அதற்குப் பட்டம் தேவைப்படவில்லை. பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று கவனிக்கவும், எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கவும் அவர்களால் முடிந்திருக்கலாம்.

நீங்கள் ஆசிரியராக மாற வேண்டியதில்லை. தினமும் இருபது நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது என்றால் இன்னும் நல்லது, பிள்ளை உற்சாகமாகச் சொல்லும். எழுத்தே தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். தடங்கல் இல்லாமல் வாசிக்கிறதா, விழுங்கி விழுங்கி வாசிக்கிறதா என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

ஆன்லைன் வகுப்பு வைக்கிறாங்களே, அது போதாதா?

வைக்காததற்கு வைப்பது மேல், அவ்வளவுதான். முதலில் அது எல்லோருக்கும் எட்டுவதில்லை. 2020இல் பள்ளிகள் மூடியபோது குறைந்தது 46 கோடிப் பிள்ளைகளுக்கு இணையம், டிவி, ரேடியோ என எந்த வழியிலும் பாடம் எட்டவில்லை என்றது யுனிசெஃப். எட்டிய வீடுகளிலும் ஒரே ஃபோன், இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் பத்து மணிக்கு வகுப்பு. நல்ல இணையம் இருந்த நெதர்லாந்தின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

தொலைவிலிருந்து பாடம் நடத்துவது புதிது என்று நினைத்துவிடாதீர்கள். 1937இல் போலியோ பரவியதால் சிகாகோ நகரில் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரேடியோவில் பாடம் நடத்தினார்கள். எந்தப் பாடம் எத்தனை மணிக்கு என்று காலையில் செய்தித்தாளில் வரும். வேகம் அதிகம், புரியவில்லை என்றால் நிறுத்திக் கேட்க முடியாது என்ற குறை அன்றும் இருந்தது. இன்றைய திரையிலும் அதே குறைதான்.

போட்ஸ்வானாவில் 2020இல் ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஃபோனில் பேசினார்கள். பேசிய வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. சாதாரண பட்டன் ஃபோனில் நடந்தது இது. எனவே பள்ளியிடம் ஒன்றே ஒன்று கேட்பதானால், கூடுதல் வீடியோ கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை ஆசிரியர் பிள்ளையோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஃபோனைப் பிடுங்கினா வீடே ரெண்டாகுது. எவ்வளவு நேரம் விடலாம்?

இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ளவர்களுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, இன்னும் குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் வயதானவர்களுக்கு மணிக் கணக்கைவிட, திரை எதைத் தின்றுவிட்டது என்று பாருங்கள். தூக்கம், ஒரு மணி நேர ஓட்டம் ஆட்டம், வீட்டாரோடு பேச்சு ஆகிய மூன்றும் நடந்திருந்தால் மீதி நேரத்துக்காகச் சண்டை போட வேண்டாம். நண்பர்களோடு பேசுவதற்கும் அதே ஃபோன்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

பத்து மணி வரைக்கும் தூங்குறான். எழுப்பணுமா?

பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. அது சோம்பேறித்தனம் அல்ல. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தால் விடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துப் பத்துக்கு எழுந்தால், பள்ளி திறக்கும் வாரத்தில் படாதபாடு படுவீர்கள். திறப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினம் கால் மணி நேரமாவது முன்னே நகர்த்துங்கள்.

நல்லா இருந்த பையன் தொட்டதுக்கெல்லாம் கத்துறான். இது சகஜமா, ஏதாவது பிரச்சினையா?

முதல் சில நாட்களுக்குச் சகஜம். நண்பர்கள், விளையாட்டு, தனக்கென்று இருந்த ஒரு உலகம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. பெரியவர்களும் எரிச்சலில் இருப்பதைப் பிள்ளை பார்க்கிறது. சிறியவர்கள் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்வது என்று பின்னோக்கிப் போவதும் உண்டு. திட்டாமல் இருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் சரியில்லை, பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போய்விட்டது, யாரோடும் பேசுவதில்லை என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ காட்டுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

பக்கத்து வீட்ல பிள்ளையை அடிக்கிற சத்தம் கேட்குது. நாம தலையிடலாமா?

பிள்ளையின் உடலில் காயத்தையோ முகத்தில் பயத்தையோ முதலில் கவனிப்பது பல நேரங்களில் ஆசிரியர்தான். பள்ளி மூடிய காலங்களில் பல நாடுகளில் குழந்தைக் கொடுமை பற்றிய புகார்கள் குறைந்தன. கொடுமை குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமல்ல, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் இப்போது நீங்கள்தான். உங்கள் பகுதியின் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். நேரில் போய்ச் சண்டை போட்டால் அந்தக் கோபம் பிள்ளை மேல் திரும்பக்கூடும்.

என் பொண்ணு பள்ளி மூடினதுக்கு அப்புறம்தான் சந்தோஷமா இருக்கா. இது நல்லதா கெட்டதா?

இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம், அதனால்தான் தனியாக எழுதுகிறேன். சில பிள்ளைகளுக்கு மூடல் உண்மையிலேயே நிம்மதி. கேலிக்கும் அடிக்கும் ஆளான பிள்ளை, சத்தமான வகுப்பறை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, வகுப்பின் வேகத்தோடு ஓட முடியாமல் தினமும் அவமானப்பட்ட பிள்ளை என்று பல வகை உண்டு. வயிற்றுவலி, தலைவலி என்று முன்பு காலையில் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது நின்றுவிட்டதா என்று யோசித்துப் பாருங்கள்.

நின்றிருந்தால் பள்ளியில் ஏதோ நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதைப் பேச இதைவிட நல்ல நேரம் வராது. மறுநாள் அங்கே போயாக வேண்டும் என்ற பயம் இல்லாதபோது பிள்ளை மனம் திறக்கும். விசாரணை மாதிரி கேட்காமல், "எதெல்லாம் இல்லாம இப்ப நிம்மதியா இருக்கு?" என்று கேளுங்கள். கிடைத்த பதிலோடு பள்ளி திறக்கும் முன்பே ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

எங்க பையனுக்குப் பேச்சுப் பயிற்சி பள்ளியிலதான் நடந்தது. இப்போ எல்லாம் நின்னு போச்சு. என்ன செய்யறது?

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் வீடுகளில் மூடலின் பாரம் பல மடங்கு. பயிற்சி நிற்கிறது, பழகிய ஒழுங்கு உடைகிறது, பெற்றோருக்குப் பகலில் கிடைத்த கொஞ்ச நேர ஓய்வும் போய்விடுகிறது. பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் கேட்காமல், வீட்டில் செய்யக்கூடிய ஒன்றிரண்டு பயிற்சிகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்வதை ஃபோனில் படம் பிடித்து அனுப்பி, சரியா என்று கேளுங்கள். நாளின் ஒழுங்கைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால் பல பிள்ளைகள் அமைதியாகிறார்கள். மூடலிலும் சில பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளியைத் திறந்து வைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உங்கள் இடத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

பொதுத்தேர்வு வருஷம். பரீட்சையே இல்லைன்னு சொல்லிட்டா என்ன ஆகும்?

எதையாவது வைத்து மதிப்பெண் போடுவார்கள். பிரிட்டனில் 2020இல் தேர்வுகளை ரத்து செய்துவிட்டுக் கணினி சூத்திரம் ஒன்றால் தரம் போட்டார்கள். ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிடப் பல மாணவர்களுக்குத் தரம் குறைந்தது. பெரும் எதிர்ப்பு கிளம்ப, ஆகஸ்ட் மாதத்திலேயே அதைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டுக்குத் திரும்பினார்கள். இதிலிருந்து நமக்குப் பயன்படுவது ஒன்று உண்டு. பள்ளித் தேர்வு விடைத்தாள்கள், செய்முறைக் குறிப்பேடுகள், ஒப்படைத்த பயிற்சிகள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் சான்று அவைதான்.

மூடியிருந்த மாசத்துக்கும் ஃபீஸ் கட்டணுமா?

இடத்துக்கு இடம் விதி மாறும். பொதுவாக, ஆசிரியர் சம்பளம் போன்ற நிலையான செலவுகளைக் காட்டிக் கல்விக் கட்டணம் கேட்பார்கள். ஓடாத பேருந்துக்கும் நடக்காத விளையாட்டுப் பயிற்சிக்கும் கேட்டால் காரணம் கேட்கலாம். தனி ஆளாகப் போகாமல் பத்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால் தவணை கேளுங்கள். சொல்லாமல் நிறுத்திவிட்டால் கடைசியில் சங்கடப்படுவது பிள்ளைதான்.

பள்ளி திறந்துட்டாங்க. இப்போ போக மாட்டேன்னு அழுறான்!

நீண்ட மூடலுக்குப் பிறகு இது நடக்கும், சிறு பிள்ளைகளிடம் அதிகம். முதல் நாளே முழு நாள் என்று பிடிவாதம் வேண்டாம், பள்ளி ஒத்துக்கொண்டால் அரை நாளிலிருந்து தொடங்கலாம். ஒரு நண்பனோடு சேர்ந்து போவது பாதி அழுகையைக் குறைத்துவிடும். ஆனால் "சரி, இன்னிக்கு வேண்டாம்" என்று ஒருமுறை விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு கடினம். அழுகைக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றினால், மூடியபோது சந்தோஷமாக இருந்த பெண்ணைப் பற்றிய பதிலை ஒருமுறை பாருங்கள்.

விட்டுப்போன பாடத்தை எல்லாம் எப்படிப் பிடிக்கிறது? டியூஷன் வைக்கணுமா?

பாகிஸ்தான் நிலநடுக்கக் கணக்கை இன்னொருமுறை பாருங்கள். மூடியது 14 வாரம், பின்னடைவு ஒன்றரை வகுப்புக்கும் மேல். மூடிய காலத்தில் ஒன்றுமே படிக்கவில்லை என்றாலும் இவ்வளவு வராது. இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம், இழப்பின் பெரும்பகுதி பள்ளி திறந்த பிறகு சேர்ந்தது என்பது. பிள்ளை ஓரிடத்தில் நின்றுவிட்டது, பாடப்புத்தகம் நிற்கவில்லை. புரியாத வகுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. அதனால்தான் மூடிய நாட்களைவிடத் திறந்த பிறகு வரும் முதல் சில மாதங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். நிறைய வீடுகள் அந்த நேரத்தில் "அப்பாடா" என்று கவனத்தை விட்டுவிடுகின்றன.

பிடிக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொரோனா மூடலுக்குப் பிறகு பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, மாலையில் தன்னார்வலர்கள் வகுப்பெடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. இப்போதைய வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போன வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, பிள்ளை தடுமாறாமல் செய்யும் கடைசி இடம் எது என்று பாருங்கள். அங்கிருந்து தினம் அரை மணி நேரம். டியூஷன் வைத்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லுங்கள். விட்ட பாடங்களை எல்லாம் ஒரே மாதத்தில் ஓட்டி முடிக்கும் டியூஷன் காசுக்குக் கேடு.

பெரியவன் மூடின நேரத்துல வேலைக்குப் போனான். சம்பாதிக்கிறான். இனி படிப்பு வேண்டாங்கிறான்...

உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். அதற்குள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்ட பலர் திரும்பவில்லை. ஆகவே உங்கள் பையன் விதிவிலக்கு அல்ல. வீட்டுக்குக் காசு கொண்டுவந்த பையனை மறுபடி "பிள்ளை" ஆக்குவது அவனுக்கும் கசக்கும்.

அறிவுரையால் இது தீராது, கணக்கால் தீரலாம். அவன் வருமானம் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று அவனையே உட்காரவைத்துப் போடுங்கள். உண்மையிலேயே தேவை என்றால் மாலை வேலை, வார இறுதி வேலை என்று மாற்ற முடியுமா பாருங்கள். அவன் போகும் வேலையில் பள்ளிச் சான்றிதழ் உள்ளவருக்கு என்ன சம்பளம், இல்லாதவருக்கு என்ன சம்பளம் என்று அங்கேயே விசாரித்துவரச் சொல்லுங்கள். அர்ஜென்டினாவில் ஆசிரியர் வேலைநிறுத்தங்களால் தொடக்கப் பள்ளியில் சராசரியாக 88 நாள் இழந்தவர்கள், முப்பது வயதைத் தாண்டியும் 2 முதல் 3 சதவீதம் குறைவாகவே சம்பாதித்தார்கள். சில மாதப் படிப்புக்கே அப்படி என்றால், பள்ளியை முற்றிலும் விடுவது எவ்வளவு இழப்பு என்பதை அவனே யோசிக்கட்டும். அப்புறம் வகுப்பாசிரியரை வீட்டுக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். "நீ வா, இடம் இருக்கு" என்று அவர் சொல்வது நாம் நூறு முறை சொல்வதைவிட எடுபடும்.

அடுத்த தடவை மூடினா இப்படித் திண்டாடாம இருக்க முன்னாடியே என்ன செஞ்சு வைக்கலாம்?

முறை வைத்துக்கொள்ளும் வீடுகளை இப்போதே பேசி வையுங்கள். மூடிய அன்று தேடினால் கிடைக்காது. வகுப்பாசிரியரின் எண், இரண்டு வகுப்புத் தோழர்களின் வீட்டு எண், மருத்துவர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டாலும் தாள் வீட்டில் இருக்கும். பாடப்புத்தகங்களை வாரக் கடைசியில் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். போன வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மூடினால் வாரம் ஒருமுறை யார் எந்தப் பிள்ளைக்கு ஃபோன் செய்வது என்ற பட்டியலைப் பள்ளி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைய கூட்டத்திலேயே போட்டுவிடலாம், அரை மணி நேர வேலைதான்.